வாங்க, பூண்டிக்குப் போகலாம்!

விடுமுறை விட்டதும் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். 'எங்கே போகலாம்?' நீங்கள் ஊட்டி என்பீர்கள். தங்கை கொடைக்கானல் என்பாள். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல இடம் சொல்கிறேன். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். ஆறு உண்டு, கடல் போல ஏரி உண்டு, குன்று உண்டு, காட்டு நடை உண்டு, குகையும் உண்டு. அது மட்டுமா? 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மனித மூதாதையர் உட்கார்ந்து வேலை செய்த இடமும் அங்கேயே இருக்கிறது. ஆம், ஆயிரம் அல்ல, லட்சம்தான்! அந்த ஊர் பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றின் கரையில் இருக்கும் சின்ன ஊர்.

ஆவடியில் ரயில் ஏறுங்கள். இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர் என்று நிலையங்களை எண்ணிக்கொண்டே வந்தால், அரை மணி நேரத்தில் திருவள்ளூர் வந்துவிடும். பூந்தமல்லிப் பிள்ளைகள் திருமழிசை, வெள்ளவேடு வழியாகப் பஸ்ஸில் வரலாம். திருவள்ளூரிலிருந்து பூண்டி சுமார் 12 கிலோமீட்டர். பஸ் இருக்கிறது.

வழியில் ஒரு சின்ன விஷயம். கூவம் என்றதும் நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள், இல்லையா? அந்தக் கூவமும் நாம் பார்க்கப்போகும் கொசஸ்தலையும் உடன்பிறப்புகள். தக்கோலத்துக்குப் பக்கத்தில் கேசவரம் என்ற இடத்தில் ஓர் அணைக்கட்டு உண்டு. கொசஸ்தலை ஆற்றில் வரும் வெள்ளம் அங்கேதான் பிரிகிறது. ஒரு பங்கு கூவமாகி, திருவேற்காடு வழியாகச் சென்னைக்குள் போகிறது. இன்னொரு பங்கு கொசஸ்தலையாகவே பூண்டிக்கு வந்து, பிறகு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. ஒரே தண்ணீர்தான். ஒன்றைச் சாக்கடை ஆக்கினோம், இன்னொன்றைக் குடிக்கிறோம்!

ஏரிக்கரையில்...

பூண்டியில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது நீர்த்தேக்கம்தான். இதன் முழுப்பெயர் சத்தியமூர்த்தி சாகர். தீரர் சத்தியமூர்த்தி 1939-ல் சென்னையின் மேயர் ஆனார். சென்னையில் அப்போது கடுமையான குடிநீர்ப் பஞ்சம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் வேறு. 'இப்போது அணை கட்டப் பணம் ஏது?' என்று கேட்டவர்களோடு போராடி, 1940-ல் வேலையைத் தொடங்க வைத்தார். 1944-ல் அணை தயாரானது. ஆனால், அதைப் பார்க்க அவர் இல்லை. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போய், உடல்நலம் கெட்டு, 1943 மார்ச்சில் மறைந்துவிட்டார். அணைக்கு அவர் பெயர் வந்த கதை இதுதான்.

இந்த ஏரி நிறைந்தால் 3,231 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும். செய்தியில் 'பூண்டியில் நீர்மட்டம் 35 அடி' என்று சொன்னால், ஏரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரும் 1996 முதல் இங்கேதான் வந்து சேர்கிறது. நீங்கள் காலையில் பல் துலக்கிய தண்ணீர் கிருஷ்ணா ஆற்றுத் தண்ணீராகக்கூட இருக்கலாம்!

அணையில் நின்று மதகுகளை எண்ணிப் பாருங்கள். 16 வருகிறதா? மழைக்காலத்தில் அதிகாரிகள் இவற்றைத் திறந்தால், கீழே உள்ள கரையோர ஊர்களுக்கெல்லாம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுப்பார்கள். 2015-லும் 2021-லும் பெய்த பெருமழையில் அப்படித்தான் தண்ணீர் சீறிக்கொண்டு போனது. கரையில் நின்று நீர்க்காகம், நாரை, கூழைக்கடா எல்லாம் பார்க்கலாம். நீர்க்காகம் முங்கி எழுந்ததும் இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைக்கும். கொடியில் துணி காயப்போட்டது போலவே இருக்கும்! ஆனால், தண்ணீரில் இறங்கவே கூடாது. நீச்சல் தெரிந்தாலும் கூடாது. மதகுப் பக்கம் ஆழமும் இழுப்பும் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

பூண்டியில் நீரியல் ஆய்வு நிலையம் ஒன்றும் இருக்கிறது. அணை, மதகு, கால்வாய் இவற்றைக் குட்டி மாதிரிகளாகக் கட்டி, தண்ணீர் விட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள். பள்ளியிலிருந்து முன்கூட்டி அனுமதி கேட்டுப் போவது நல்லது.

கையில் அடங்கும் கோடரி

இனிதான் விஷயமே ஆரம்பம். பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் கற்கள். 'கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று முகம் சுளிக்காதீர்கள். கொஞ்சம் குனிந்து உற்றுப் பாருங்கள்.

மாங்கொட்டை போன்ற வடிவம். ஒரு முனை கூர். மறுமுனை கையில் பிடிக்க வாகாக உருண்டை. இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகச் செதுக்கிய தழும்புகள். விளிம்பு முழுக்கக் கூர்மை. இதுதான் கைக்கோடரி. காம்பு கிடையாது, கையே காம்பு! ஆற்றில் உருண்டு வந்த கெட்டியான கூழாங்கல்லை எடுத்து, இன்னொரு கல்லால் ஓரத்தில் ஓங்கித் தட்டுவார்கள். ஒரு சில்லு பெயரும். கல்லைத் திருப்பி மறுபக்கம் ஒரு தட்டு. இப்படித் திருப்பித் திருப்பித் தட்டி, இரண்டு பக்கமும் சமமாகக் கொண்டுவருவார்கள். இறைச்சி வெட்ட, மரம் சீவ, கிழங்கு தோண்ட எல்லாவற்றுக்கும் இதுவே ஆயுதம்.

எளிது என்று நினைக்கிறீர்களா? வீட்டில் ஒரு பழைய துணி சோப்பை எடுத்து, கரண்டிக் காம்பால் சுரண்டி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்படி ஒரு கைக்கோடரி செய்து பாருங்கள். சோப்பிலேயே எவ்வளவு கோணல் வருகிறது என்று தெரியும். அவர்கள் அதைக் கல்லில் செய்தார்கள்! அடுத்த அடி எங்கே விழவேண்டும் என்று யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். மனித மூதாதையரின் மூளை வேலை செய்ததற்குக் கண்ணால் காணும் சாட்சி இந்தக் கல்.

பிரான்சில் ஓர் ஆறு, இங்கே ஓர் ஆறு

இப்போது கொஞ்சம் பிரான்ஸ் நாட்டுக்குப் போய் வருவோமா? அந்த நாட்டின் வடக்கே சோம் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் அப்வில் என்ற சிற்றூர். அங்கே சுங்க அதிகாரியாக இருந்தவர் பூஷே த பெர்த். ஆற்றங்கரையில் சரளை தோண்டும் பள்ளங்களில், அழிந்துபோன யானை இனங்களின் எலும்புகளோடு செதுக்கிய கற்களும் கிடைப்பதைக் கவனித்தார். 'மனிதன் நாம் நினைப்பதைவிட மிகப் பழையவன்' என்று எழுதினார். பலரும் சிரித்தார்கள். 1859-ல் இங்கிலாந்திலிருந்து அறிஞர்கள் நேரில் வந்து, அதே ஆற்றங்கரையில் சான் அஷேல் என்ற இடத்துப் பள்ளத்தில், மண்ணில் புதைந்தபடியே இருந்த கைக்கோடரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உலகம் நம்பியது.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, இந்தியாவில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30-ம் தேதி, நம் பல்லாவரத்தில், செம்மண் சரளை எடுத்த ஒரு பள்ளத்தில் அவர் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். சில மாதங்கள் கழித்து, அதே 1863 செப்டம்பரில், நண்பர் வில்லியம் கிங்குடன் பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். அங்கே ஓடையோரம் பார்த்த இடமெல்லாம் கற்கருவி! இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று முதன்முதலில் உலகுக்குச் சொன்னது நம் பல்லாவரமும் அத்திரம்பாக்கமும்தான். ஃபூட் சேகரித்த கருவிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இங்கே எனக்கு ஒரு சின்ன ஆதங்கம். 1872-ல் ஒரு பிரெஞ்சு அறிஞர் இந்தக் கைக்கோடரி மரபுக்கு, சான் அஷேல் ஊரின் பெயரால் 'அச்சூலியன்' என்று பெயர் வைத்தார். ஆப்பிரிக்காவில் கிடைத்தாலும், அத்திரம்பாக்கத்தில் கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். நான்கு வருடம் முந்திக்கொண்டதால் பெயர் அவர்களுக்குப் போய்விட்டது! ஆனால், வயதில் யார் மூத்தவர் தெரியுமா? சோம் ஆற்றங்கரையில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுக்கே சுமார் ஆறரை லட்சம் வயது. நம் அத்திரம்பாக்கத்துக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

கல்லுக்கு வயது சொல்வது எப்படி?

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். கடப்பாரை போட்டு மளமளவென்று தோண்டுவது அல்ல அகழாய்வு. தூரிகையும் சிறு கரண்டியும் வைத்து, அங்குலம் அங்குலமாக மண்ணை எடுத்து, ஒவ்வொரு கல்லும் எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று குறித்துக்கொண்டே போவார்கள். அந்த மண்ணில் எருமை, குதிரை இனங்களின் கல்லாகிப்போன பற்களும், விலங்குகளின் குளம்பு பதிந்தது போன்ற தடங்களும் கிடைத்தன. தண்ணீர் குடிக்க வந்த விலங்குகள்!

வயதைக் கண்டுபிடித்த விதம்தான் அருமை. வானவெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் எப்போதும் பூமியின் மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. தரையில் கிடக்கும் கல்லுக்குள் அவை அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அபூர்வப் பொருள்களை மிக மிகக் கொஞ்சமாக உண்டாக்கும். கல் ஆழமாக மண்ணில் புதைந்துவிட்டால், கதிர் எட்டாது. புதிதாக உண்டாவது நின்றுவிடும். ஏற்கெனவே இருப்பது மட்டும் மெல்ல மெல்லக் குறையும். அலுமினியம்-26 பாதியாகக் குறைய சுமார் 7 லட்சம் ஆண்டு. பெரிலியம்-10 பாதியாக சுமார் 14 லட்சம் ஆண்டு. ஊதுவத்தியையும் மெழுகுவத்தியையும் ஒரே நேரத்தில் ஏற்றி வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து வருகிறவர், இது இவ்வளவு, அது இவ்வளவு மிச்சம் என்று பார்த்தே எப்போது ஏற்றினீர்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம் அல்லவா? அதே கணக்குதான்!

இந்தக் கணக்கைப் போட்ட குழுவில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகளும் இருந்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. கருவிகளுக்குக் குறைந்தது பத்து லட்சம் ஆண்டு, சராசரியாக 15 லட்சம் ஆண்டு. உலகமே திரும்பிப் பார்த்தது. 2018-ல் இன்னொரு முடிவு. அதே இடத்தில் மேல் அடுக்குகளில், சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டு, சின்னச் சின்ன நுட்பமான கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இந்த நுட்பத்துக்கு 'லெவலுவா' என்று பெயர். அதுவும் பாரீஸ் பக்கத்து ஊர்ப் பெயர்தான், போங்கள்!

இவற்றைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அத்திரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. நம்மைப் போன்ற மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. ஆகவே, அந்த முதல் கைக்கோடரிக்காரர்கள் நமக்கும் முந்தைய மனித இனத்தார். இந்தியாவில் அப்படி ஒரு பழைய மண்டையோடு மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றங்கரையில் ஹத்நோரா என்ற ஊரில் 1982-ல் கிடைத்தது. அதுவும் ஆற்றங்கரைதான் பாருங்கள்.

ஆவடிப் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல் செய்தி. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கும் அடியில் இருப்பது டைனோசர் காலத்துக் களிமண் பாறை. பத்துக் கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது. நிலவியல் அறிஞர்கள் அந்தப் பாறைக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆவடி'. பிரான்சுக்கு இரண்டு பெயர் போனால் என்ன, நமக்கும் ஒன்று இருக்கிறது!

கடலை மிட்டாய்க் குகை

நடக்கத் தெம்பு இருப்பவர்களுக்குக் குடியம் குகை. அல்லிக்குழி மலையில் இருக்கிறது. குடியம் ஊரிலிருந்து புதர்க் காட்டின் வழியே சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். வனத்துறை அனுமதி தேவை. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும், பெரியவர்கள் சிலரும் கூடவே வரவேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால், இந்த நடையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குகை என்றதும் இருட்டுச் சுரங்கம் என்று எண்ணவேண்டாம். பிரம்மாண்டமான பாறை முன்னே வளைந்து, தாழ்வாரம் போல நிழல் தரும் இடம் அது. அண்ணாந்து கூரையைப் பாருங்கள். உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள் பாறைக்குள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். பாகில் வேர்க்கடலை பதிந்த கடலை மிட்டாயேதான்! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீர் உருட்டிய கற்கள் மண்ணோடு இறுகிப் பாறையானவை. பாறை சிதையும்போது அந்தக் கற்கள் உதிரும். மழைநீர் அவற்றைக் கீழே உருட்டிக்கொண்டு வரும். கைக்கோடரி செய்தவர்களுக்குக் கச்சாப் பொருள் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? ஆற்றில் தண்ணீர், மலையில் கல், காட்டில் இரை. வேறென்ன வேண்டும்!

இந்தக் குகையில் மத்தியத் தொல்லியல் துறை 1960-களில் அகழாய்வு செய்தது. உள்ளே மணச்சியம்மன் வழிபாடும் நடக்கிறது. பாறையில் பெரிய பெரிய தேன்கூடுகள் தொங்கும். அங்கே கூச்சல் போடக் கூடாது, புகை போடக் கூடாது, கல் எறியவே கூடாது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டும் போக வேண்டாம். மலைத்தேனீ விரட்ட ஆரம்பித்தால், ஓட்டப் பந்தயத்தில் நீங்கள் ஜெயிக்க முடியாது!

கல்லை எடுக்கலாமா?

இந்தப் பகுதியில் நடக்கும்போது, ஓடையோரத்தில் உங்கள் காலடியிலேயே செதுக்கிய கல் ஒன்று கிடக்கலாம். உடனே கை பரபரக்கும். பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

என் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், தாத்தா ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு கல்லைக் கொண்டுவந்தான். வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்களாம். பாடப் புத்தகத்தில் படம் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம். தொல்லியல் தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டினோம். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. அச்சு அசல் கைக்கோடரி! அடுத்து அவர் கேட்ட கேள்வி, 'எங்கேப்பா எடுத்தே?' பையன் விழித்தான். வயல் வரப்பா, கிணற்று மேடா, யார் முதலில் எடுத்தது, எதுவும் தெரியவில்லை. 'அழகான கல். ஆனா, இது இனிமே பேசாது' என்றார் அவர்.

அவர் சொன்னது உங்களுக்குப் புரிந்திருக்கும். 15 லட்சம் என்ற எண் கல்லின் மேல் எழுதியிருக்கவில்லை. அது கிடந்த மண் அடுக்கில் இருந்தது. இடத்தை விட்டு எடுத்துவிட்டால், எந்தக் கருவியைக் கொண்டும் அந்தக் கணக்கைப் போட முடியாது. இப்படிப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப்போனதும், சரளைக்காக லாரி லாரியாக மண் அள்ளியதும் சேர்ந்து பேசாமல் போன கற்கள் எத்தனையோ!

ஆகவே, கல்லைப் பார்த்தால் இப்படிச் செய்யுங்கள். அசைக்காமல் பக்கத்தில் உங்கள் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். செல்போன் இல்லாவிட்டால் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். என்ன நிற மண், பக்கத்தில் எந்த மரம், ஓடையிலிருந்து எத்தனை எட்டு என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். திரும்பும் வழியில் அதைப் பூண்டி அகழ்வைப்பகத்தில் காட்டுங்கள். ஃபூட் செய்ததும் ஏறக்குறைய இதேதான். எங்கே எதைக் கண்டேன் என்று அவர் எழுதி வைத்திருந்ததால்தான், 136 வருடம் கழித்து அதே அத்திரம்பாக்கத்தில் மறுபடி தோண்ட முடிந்தது.

கிளம்பும் முன்...

மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் போக ஏற்ற காலம். ஏரியில் தண்ணீரும் இருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். ஏப்ரல், மே வெயிலில் மலைப்பக்கம் வேண்டாம். தொப்பி, ஷூ, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், புளிசாதம் அல்லது எலுமிச்சை சாதம் கட்டாயம். காட்டுப் பக்கம் கடை கிடையாது. அகழ்வைப்பகத்துக்கு வார விடுமுறை என்றைக்கு என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். குடியம் போவதாக இருந்தால் அதற்கே முழு நாள் ஆகும். ஆகவே, முதல் தடவை ஏரியும் அகழ்வைப்பகமும், இரண்டாம் தடவை குகை என்று வைத்துக்கொள்வது என் யோசனை. அத்திரம்பாக்கத்தில் அகழாய்வுக் குழிகளைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அங்கே இப்போது கண்ணுக்குத் தெரிவது ஓடையும் முட்புதரும் அரிப்பெடுத்த செம்மண்ணும்தான்.

திருவள்ளூரிலிருந்து திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தால், உங்கள் நோட்டைத் திறந்து, பார்த்த கைக்கோடரி ஒன்றை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக வருவதற்குள் ஆவடி வந்துவிடும்!